கணக்குப் பயிற்சியில் வகுப்பறை விளையாட்டுகள்

கணக்கில் பயிற்சி என்பது, புரிந்துகொண்ட ஒன்றைத் தட்டுத்தடுமாறாமல் செய்யும் அளவுக்குப் பழக்குவது. ஏழும் எட்டும் பதினைந்து என்பது விரல் மடக்காமல் நினைவுக்கு வந்தால்தான், மூன்றிலக்கக் கூட்டலில் குழந்தையின் கவனம் இடமதிப்பில் நிற்கும். இப்படிப் பழகுவதற்கு மூன்று வேண்டும்: திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், செய்தது சரியா என்று உடனே தெரிய வேண்டும், சில நாள் இடைவெளி விட்டு அதையே மறுபடி எடுக்க வேண்டும். பயிற்சித்தாள் முதலாவதைத் தாராளமாகத் தருகிறது. ஆனால் நோட்டு திருத்தி வர மறுநாள் ஆகிவிடுகிறது. அதற்குள் தவறான விடையே பழகிப்போகிறது. விளையாட்டில் அப்படி நடக்காது. எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை தவறை அந்த நொடியிலேயே பிடித்துவிடும். நாளைக்கும் ஆடலாமா என்று பிள்ளைகளே கேட்பதால் மூன்றாவதும் தானாக நடக்கிறது.

இதனால் விளையாடினாலே கணக்கு வந்துவிடும் என்று ஆகிவிடாது. ஆட்டத்தில் காய் நகர எந்தக் கணக்கு தேவைப்படுகிறதோ, அந்தக் கணக்கில் மட்டுமே பயிற்சி கிடைக்கும். கணக்கே போடாமல் ஒரு காயை நகர்த்த முடிந்தால், பிள்ளை ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளும், கணக்கைக் கற்காது. வகுப்பறை விளையாட்டுகள் பற்றிக் கடந்த சில பத்தாண்டுகளில் நடந்த ஆய்வுகள் பலவும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கின்றன. பயிற்சிக்கான தேவையோ பெரியது. பிள்ளைகளின் கற்றல் நிலையைச் சோதிக்கும் அசர் ஊரகக் கணக்கெடுப்பில், 2024ஆம் ஆண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் கடன் வாங்கிக் கழிக்கும் ஈரிலக்கக் கணக்கைச் செய்ய முடிந்தவர்கள் நாடு முழுவதும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான்.

தமிழ்நாட்டின் பழைய திண்ணைப் பள்ளிகளில் பயிற்சி என்றால் மனப்பாடம். எண்சுவடியை ராகம் போட்டுக் கூட்டாகச் சொல்லிச் சொல்லியே முழு எண்களும் கீழ்வாய் எண்களும் (பின்னங்களும்) நாவில் ஏறின. விளையாட்டு பள்ளிக்கு வெளியே, திண்ணையிலும் தெருவிலும் நடந்தது. அந்த ஆட்டங்களில் கணக்கு நிறையவே இருக்கிறது. ஐந்து கல் ஆட்டத்தில் ஒரு கல்லை மேலே வீசிவிட்டுத் தரையில் கிடக்கும் நான்கையும் முதலில் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், அடுத்து இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றுமாக, கடைசியில் நான்கையும் ஒரே அள்ளலில். நான்கு என்ற எண்ணைப் பிரிக்கும் வழிகளைக் கை இப்படி ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போகிறது. ஒற்றையா இரட்டையா ஆட்டத்தில் உள்ளங்கைக்குள் மூடிய புளியங்கொட்டைகளை ஊகிப்பது இரட்டைப்படை, ஒற்றைப்படை எண்களுக்கான முதல் பாடம்.

இவற்றில் கணக்கு அடர்ந்து கிடப்பது பல்லாங்குழியில். இரண்டு வரிசைகளில் ஏழேழு குழிகள். குழிக்கு ஐந்து என்று வைத்தால் எழுபது காய்கள் (எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறும்). ஒரு குழியை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போவதும், ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அதைப் பசு என்று எடுத்துக்கொள்வதும் எல்லாரும் அறிந்தது. அள்ளுவதற்கு முன்பே, கடைசிக் காய் எங்கே விழும் என்று கண்ணால் எண்ணிப் பார்ப்பவர்தான் ஜெயிப்பார். ஆசிரியருக்குப் பெரிதும் உதவுவது ஒரு சுற்று முடியும் இடம். வென்ற காய்களைக் கொண்டு ஒவ்வொருவரும் தம் குழிகளை மறுபடி ஐந்தைந்தாக நிரப்ப வேண்டும். 27 காய் வைத்திருப்பவர் ஐந்து குழிகளை நிரப்பிவிட்டுக் கையில் இரண்டோடு நிற்பார்; நிரம்பாத இரண்டு குழிகள் அடுத்த சுற்றில் அவருக்கு இல்லை. 27ஐ ஐந்தால் வகுத்தால் ஈவு ஐந்து, மீதி இரண்டு என்று கரும்பலகையில் எழுதும்போது, ஈவு எது, மீதி எது என்பதைப் பிள்ளைகள் ஏற்கெனவே தொட்டுப் பார்த்திருப்பார்கள்.

விளையாட்டைப் பள்ளிக்குள் முறையாகக் கொண்டுவந்த முயற்சிகளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரியின் எண் கம்புகளும் மணிக் கோவைகளும் எண்ணைக் கையில் பிடிக்கும் பொருளாக்கின. ஹங்கேரியில் பிறந்த சோல்தான் டீனிஷ் 1960களில், எந்தக் கணிதக் கருத்தையும் கட்டற்ற விளையாட்டில் தொடங்கிக் குறியீட்டில் முடிக்க வேண்டும் என்று படிநிலை வகுத்தார். குழந்தை உளவியலாளர் பியாஜேயிடம் பயின்ற கான்ஸ்டன்ஸ் காமி, அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தொடக்க வகுப்புகளில் பயிற்சித்தாளை ஒதுக்கிவிட்டுச் சீட்டாட்டங்களையும் பகடை ஆட்டங்களையும் வைத்தே கூட்டலைக் கற்பிக்கலாம் என்று 1980களில் நடத்திக் காட்டினார். தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிச் சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், ஆந்திராவின் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளிகளின் பல்வகுப்புக் கற்பித்தலைப் பின்பற்றியது. ஏணிப்படியில் அட்டை அட்டையாக ஏறும் அந்த முறையில் விளையாட்டு அட்டைகளுக்கும் இடம் இருந்தது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடலையும் ஆட்டத்தையும் பாட நேரத்துக்குள்ளேயே வைத்தது.

எண்ணுதலுக்கான ஆட்டங்களில் மிக நுணுக்கமாகச் சோதிக்கப்பட்டது ஓர் எளிய கட்டப்பலகை. கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்த மழலையர் வகுப்புப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 1 முதல் 10 வரை வரிசையாக எண் எழுதிய பலகை. மற்றதற்கு அதே பலகையில் எண்களுக்குப் பதில் நிறங்கள். இரண்டு வாரத்துக்குள் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் சுமார் கால் மணி நேரம் ஆட்டம். 2008இல் வெளியான முடிவுகளின்படி, எண் பலகையில் ஆடியவர்கள் எண்களை ஒப்பிடுவதிலும், வெறும் கோட்டில் ஓர் எண்ணின் இடத்தைக் குறிப்பதிலும் தெளிவாக முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. நிறப் பலகையில் ஆடியவர்களிடம் முன்னேற்றம் இல்லை. எண்களை வட்டமாக அடுக்கிய பலகையும் நேர்வரிசைப் பலகையின் பலனைத் தரவில்லை என்று அடுத்த ஆண்டு வந்த ஆய்வு காட்டியது.

2014இல் எலைடா லாஸ்கியும் சீக்லரும் நூறு வரை எண்கள் உள்ள பலகையில் இன்னொன்றைக் கவனித்தார்கள். 35ஆம் கட்டத்தில் நிற்கும் பிள்ளைக்கு இரண்டு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். “ஒன்று, இரண்டு” என்று எண்ணிக் காயை நகர்த்தலாம். “முப்பத்தாறு, முப்பத்தேழு” என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லியும் நகர்த்தலாம். காய் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். பலனோ இரண்டாம் முறையில் ஆடியவர்களுக்கே கிடைத்தது. பலகை மாறவில்லை. வாயால் எதைச் சொல்லிக்கொண்டு நகர்கிறோம் என்பது மட்டும் மாறியது. ஆட்டத்தின் விதிகளை எழுதும்போது ஆசிரியர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் வரி இதுதான்.

தமிழ் வீடுகளில் வைகுண்ட ஏகாதசி இரவில் விரிக்கப்படும் பரமபதத்தை இந்த நோக்கில் பார்த்தால் அதன் பலமும் குறையும் தெரிகின்றன. வரிசை எண்ணைப் பழக்க அது நல்லது. ஆனால் இன்று கடையில் கிடைக்கும் நூறு கட்டப் பாம்புப் பலகையில் எண்கள் ஒரு வரிசை இடமிருந்து வலமாகவும், அடுத்தது வலமிருந்து இடமாகவும் வளைந்து வளைந்து ஏறுகின்றன. 13க்கு நேர் மேலே 23 இருக்காது, 28தான் இருக்கும். பத்தைக் கூட்டினால் ஒன்றாம் இடம் மாறாது என்பதைக் கண்ணுக்குக் காட்ட வேண்டிய இடத்தில் பலகை அதை மறைத்துவிடுகிறது. எல்லா வரிசையும் ஒரே பக்கமிருந்து தொடங்கும் நூறு கட்டத்தைத் தரையில் சாக்பீஸால் வரைந்து, மேலும் கீழும் தாவினால் பத்து, பக்கவாட்டில் தாவினால் ஒன்று என்று ஆடவிட்டால் இந்தக் குறை தீரும்.

இடமதிப்புக்கு ஒரே பகடையும் மூன்று கட்டங்களும் போதும். நூறு, பத்து, ஒன்று என்று மூன்று கட்டங்களை ஒவ்வொருவரும் சிலேட்டில் போட்டுக்கொள்கிறார்கள். பகடை உருட்டப்படும், விழுந்த இலக்கத்தை உடனே ஏதாவது ஒரு கட்டத்தில் எழுத வேண்டும், பிறகு மாற்றக் கூடாது. மூன்று முறை உருட்டியதும் பெரிய எண் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு வெற்றி. முதலில் ஆறு விழுந்தால் யாருக்கும் குழப்பமில்லை. நான்கு விழும்போதுதான் வகுப்பு சூடு பிடிக்கிறது. நூறில் போடலாமா, இன்னும் பெரியது வருமா? மீதமுள்ள இரண்டு உருட்டல்களில் ஐந்தோ ஆறோ ஒருமுறையாவது விழும் வாய்ப்பு ஒன்பதில் ஐந்து; பாதியை விடச் சற்றே அதிகம். எனவே முதலில் ஐந்து, ஆறு விழுந்தால் நூறிலும், மூன்று, நான்கு விழுந்தால் பத்திலும், ஒன்று, இரண்டு விழுந்தால் ஒன்றிலும் எழுதுவதே சராசரியாகப் பெரிய எண்ணைத் தரும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தக் கணக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. ஆனாலும் சில நாள்களில் அவர்களே ஏறக்குறைய இந்த முடிவுக்கு வருகிறார்கள். ஓர் இலக்கத்தின் மதிப்பு அது நிற்கும் இடத்தில் இருக்கிறது என்பதை எத்தனை விளக்கமும் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லிவிடாது.

கூட்டல் கழித்தலுக்கான ஆட்டங்கள் ஏராளம். பத்துப் புளியங்கொட்டைகளில் சிலவற்றைக் கைக்குள் மூடி மீதியைக் காட்டி, “உள்ளே எத்தனை?” என்று கேட்பது அவற்றுள் முதன்மையானது. பத்தின் ஜோடிகள் வந்துவிட்டால் கடன் வாங்கிக் கழிப்பதில் பாதிச் சிரமம் போய்விடும். நூறிலிருந்து இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகையைக் கழித்துக்கொண்டே வந்து பூஜ்ஜியத்தைத் தொடும் பந்தயமும், நான்கு எண்களைக் கொண்டு எப்படியாவது 24ஐ உருவாக்கச் சொல்லும், 1988இல் ராபர்ட் சன் வெளியிட்ட அட்டை ஆட்டமும் வெவ்வேறு வகுப்புகளுக்குப் பொருந்தும்.

வாய்பாட்டுக்குப் பள்ளிகளில் அதிகம் ஆடப்படுவது பிங்கோ. ஆசிரியர் “ஆறேழு” என்று சொல்ல, பிள்ளைகள் தம் கட்டத்தில் 42ஐ அடிக்கிறார்கள். கட்டத்தை ஆசிரியரே நிரப்பித் தந்தால் இது ஒப்பித்தலோடு நின்றுவிடும். எண்களைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்க விட்டால் வேறு ஆட்டமாகிறது. பத்தாம் வாய்பாடு வரை எல்லாப் பெருக்கல்களையும் சீட்டில் எழுதிக் குலுக்கினால் 12 நான்கு சீட்டுகளிலும், 24 நான்கு சீட்டுகளிலும் வரும். 49 ஒரே சீட்டில்தான். எந்த எண்ணை எழுதினால் சீக்கிரம் அடிபடும் என்று தேடும் பிள்ளை, காரணிகளைத் தேடுகிறது.

இதைவிட ஆழமானது பெருக்கற்பலன் ஆட்டம். ஒன்று முதல் ஒன்பது வரை எண்களைக் கீழே ஒரு வரியாக எழுதி, அவற்றின் பெருக்கற்பலன்களை மேலே ஆறுக்கு ஆறு கட்டத்தில் எழுதுகிறார்கள். ஒரே விடை திரும்ப வருவதை நீக்கினால் சரியாக 36 எண்கள்தான் இருக்கும். கீழ் வரியில் இரண்டு சோழிகள். ஒருவர் தம் முறையில் ஒரு சோழியை மட்டுமே நகர்த்தலாம். சோழிகள் நிற்கும் இரு எண்களின் பெருக்கற்பலன் அவருக்குச் சொந்தம். நான்கு கட்டங்களை நேராகவோ குறுக்காகவோ தொடர்ச்சியாகப் பிடித்தவர் வெல்வார். ஒரு சோழி 6இல் இருக்கிறது, 48 வேண்டும் என்றால் மற்றதை 8க்கு நகர்த்த வேண்டும். நகர்த்தினால் எதிராளிக்கு எந்தெந்த எண்கள் கிடைக்கும் என்றும் பார்க்க வேண்டும். வாய்பாட்டை முன்னும் பின்னுமாக ஒரே நகர்த்தலுக்குப் பத்துமுறை ஓட்டிப் பார்க்காமல் இதில் ஜெயிக்க முடியாது. வகுத்தலும் சொல்லாமலே பழகிவிடுகிறது. ஐந்தாம் வகுப்புக்கு ஒரே ஓர் ஆட்டம்தான் வைக்கலாம் என்றால் இதையே வைக்கலாம்.

பின்னத்துக்கு ஒரே நீளக் காகிதப் பட்டைகளை மடித்து வெட்டி அரை, கால், அரைக்கால், மாகாணித் துண்டுகளாக்கி, பின்னங்கள் எழுதிய பகடையில் விழும் துண்டுகளால் ஒரு முழுப் பட்டையை மூடும் பந்தயம் நன்றாக நடக்கும். அடுத்த நாள் ஆட்டத்தைத் திருப்பி, முழுப் பட்டையிலிருந்து துண்டுகளை எடுக்கச் சொன்னால், அரைக்காலை எடுக்க வேண்டியவர் காலை இரண்டாக மாற்றியாக வேண்டும். சமான பின்னம் அங்கே பிறக்கிறது. ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டைகளைக் குலுக்கிப் போட்டு, வெள்ளையை மிகை ஒன்றாகவும் கறுப்பைக் குறை ஒன்றாகவும் கொண்டு ஜோடி ஜோடியாக நீக்கினால் ஆறாம் வகுப்பின் முழுக்கள் பாடத்துக்குப் பயிற்சி ஆகும். 21 காய்களிலிருந்து மாறி மாறி ஒன்று முதல் மூன்று வரை எடுத்து, கடைசிக் காயை எடுப்பவர் வெல்லும் ஆட்டத்தில், எதிராளிக்கு எப்போதும் நான்கின் மடங்கை விட்டுவைப்பதே உத்தி. நிம் என்ற பெயரில் இவ்வகை ஆட்டத்துக்குச் சார்லஸ் பௌட்டன் 1901இல் முழுமையான கணிதக் கோட்பாடு வகுத்தார்.

நிகழ்தகவுக்குத் தாயக்கட்டையைப் போல் ஆயத்தமான கருவி வேறில்லை. இரண்டு கட்டைகள், ஒவ்வொன்றின் நான்கு பக்கங்களில் ஒன்று வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். விழக்கூடிய வகைகள் பதினாறு. இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு. அது ஒரே வகையில்தான் விழும். தாயம் (அதாவது ஒன்று) விழுவது இரண்டு வகைகளில். இரண்டு விழுவது மூன்று வகைகளில். மூன்று விழுவது நான்கு வகைகளில். நான்கு விழுவது மூன்று வகைகளில். ஐந்து விழுவது இரண்டு வகைகளில். ஆறு ஒரே வகையில். ஆகவே தாயம் விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. ஆறு சோழிகளைக் குலுக்கிப் போட்டாலும் இதே ஏழு மதிப்புகள்தான் வரும், ஆனால் வாய்ப்புகள் வேறு. சோழி மல்லாந்து விழுவதும் கவிழ்ந்து விழுவதும் சமமாக இருக்காது என்பதால் அதை எறிந்து எண்ணித்தான் பார்க்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் கோட்பாட்டு நிகழ்தகவுக்கும் பட்டறிவு நிகழ்தகவுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. குழுவுக்கு நூறு எறிகள் என்று பிரித்துக்கொண்டால் ஒரு பாடவேளையில் முடிந்துவிடும்.

கடை விளையாட்டு தனியாகப் பேச வேண்டியது. விலைப்பட்டியல், போலி நோட்டு, சில்லறை என்று தொடக்க வகுப்புகளில் விருப்பமாக ஆடப்படும் இது, நடைமுறைக் கணக்கும் பாடக் கணக்கும் தாமாகவே இணைந்துவிடும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. அந்த நம்பிக்கை ஆய்வுகளில் தேறவில்லை. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெரு வியாபாரம் செய்த ஐந்து சிறார்களை டெரசினா நூனெஸ் உள்ளிட்ட மூவர் ஆராய்ந்து 1985இல் எழுதினார்கள். வியாபாரத்தின்போது கேட்ட கணக்குகளில் 98 விழுக்காடு சரியாக வந்தது. அதே கணக்குகளை எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 விழுக்காடுதான். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி 2025இல் வெளிவந்த பெரிய ஆய்விலும் இதே பிளவு தெரிந்தது. சந்தைப் பிள்ளைகள் பாடக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள்.

வகுப்பறை ஆட்டத்துக்கு நேரடியான எச்சரிக்கை டெல்லியிலிருந்தே வந்தது. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் 214 மழலையர் வகுப்புகளில் 1,540 பிள்ளைகளோடு நடந்து 2017இல் வெளியான ஆய்வில், புள்ளிக் கூட்டங்களை ஒப்பிடுவது, வடிவங்களில் மாறுபட்டதைக் கண்டுபிடிப்பது போன்ற ஆட்டங்கள் நான்கு மாதம் ஆடப்பட்டன. அளவையும் வடிவத்தையும் உணரும் திறன் கூடியது. அது நிலைத்தும் இருந்தது. ஆனால் தொடக்கப் பள்ளியில் சேர்ந்த பிறகு பாடக் கணக்கில் அதனால் பயன் தெரியவில்லை. அந்த ஆட்டங்களில் எண்ணின் பெயரும் எழுத்துக் குறியும் இடம்பெறவில்லை என்பதைக் கவனித்தால் இதில் வியப்பில்லை. கடை விளையாட்டிலும் ரசீது எழுதுவதைக் கட்டாயமாக்கினால் பேச்சுக் கணக்கும் தாள் கணக்கும் ஒரே மேசையில் சந்திக்கும்.

கெடுதல் செய்யும் ஆட்டங்களும் உண்டு. இரண்டு அணியாகப் பிரித்து, அணிக்கு ஒருவரைக் கரும்பலகைக்கு அழைத்து, யார் முதலில் விடை எழுதுகிறார் என்று பார்க்கும் போட்டி வகுப்பைக் கலகலப்பாக்கும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் பாடவேளை முழுக்க நடந்தாலும் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு கணக்குகள். தவறினால் வெளியேற்றும் ஆட்டங்கள் இன்னும் மோசம். பயிற்சி அதிகம் தேவைப்படும் பிள்ளைதான் முதலில் உட்காருகிறது. அதுவும் எல்லார் முன்னிலையிலும். கணக்குப் பயம் ஒன்றாம், இரண்டாம் வகுப்பிலேயே காணப்படுவதையும், மனத்தில் தகவலை வைத்துக் கையாளும் திறன் நன்றாக உள்ள பிள்ளைகளின் மதிப்பெண்ணை அது அதிகம் பாதிப்பதையும் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். வேகம் பயிற்சியால் வர வேண்டும். வேகத்தையே விதியாக்கும் ஆட்டத்தில் திணறும் பிள்ளை ஊகித்துச் சொல்லவோ பார்த்து எழுதவோ பழகிக்கொள்கிறது.

இருவர் இருவராக ஆடும்போது கணக்கே வேறு. ஒரு நகர்த்தலுக்கு இருபது நொடி என்றால் பதினைந்து நிமிடத்தில் 45 நகர்த்தல்கள், ஆளுக்கு இருபதுக்கும் மேல்; எதிராளியின் கணக்கைச் சரிபார்ப்பதையும் சேர்த்தால் அதுபோல் இரு மடங்கு. திறமையில் அதிக இடைவெளி உள்ள இருவரைச் சேர்த்தால் ஒருவரே இருவருக்கும் ஆடிவிடுவார். அருகருகான நிலையில் இருப்பவர்களைச் சேர்ப்பதும், வெற்றியில் பகடையின் பங்கு கொஞ்சம் இருக்குமாறு ஆட்டத்தை அமைப்பதும் நல்லது. எப்போதும் ஒருவரே தோற்கும் ஆட்டத்தை அந்தப் பிள்ளை சீக்கிரம் வெறுத்துவிடும். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கும் பள்ளிகளில், ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது மற்றது சத்தம் குறைவாக ஆடக்கூடிய பலகை ஆட்டங்களே கைகொடுக்கும். அதற்கு விதிகள் முன்பே பழகியிருக்க வேண்டும். மாதம் ஒரு புது ஆட்டத்தைக் கற்றுத்தந்து அதையே எண்களை மாற்றி மாற்றி ஆடுவது, வாரம் ஒரு புது ஆட்டத்தைக் கொண்டுவந்து நேரமெல்லாம் விதி சொல்வதில் போவதைவிடப் பல மடங்கு பயன் தரும். கைப்பேசிச் செயலிகள் சரி தவறை உடனே சொல்கின்றன. பிள்ளை ஏன் அப்படி நகர்த்தியது என்று அவை கேட்பதில்லை, எதிரே உட்கார்ந்த பிள்ளை கேட்கும்.

ஆட்டம் நடக்கும்போது ஆசிரியரின் வேலை வரிசைகளுக்கு இடையே நடந்து காது கொடுப்பது. விரல் விட்டு எண்ணுபவர் யார், முதல் எண்ணிலிருந்து தொடர்ந்து எண்ணுபவர் யார், எண்ணாமலே சொல்பவர் யார் என்பது தேர்வுத்தாளில் தெரியாது. அங்கே மூவருக்கும் விடை ஒன்றுதான். அரும்பா, மொட்டா, மலரா என்று நிலை பிரிக்க இதைவிட நம்பகமான சான்று கிடைப்பது அரிது. ஆட்டம் முடிந்த கடைசி ஐந்து நிமிடத்தில் ஒவ்வொருவரும் தம் நகர்த்தல்களில் மூன்றைக் குறியீட்டில் எழுத வேண்டும்: 35 + 2 = 37, 6 × 8 = 48, 27 = 5 × 5 + 2. எந்த நகர்த்தல் ஆட்டத்தை முடிவு செய்தது, அதற்குப் பதில் வேறென்ன செய்திருக்கலாம் என்று ஒரு ஜோடியைச் சொல்லவிட்டுப் பலகைகளை அடுக்கி வைக்கச் சொல்லலாம்.